பொதுப் பணமும் சம ஆசனமும்: யாழ்ப்பாணத்து வாங்கு சொல்லும் பாடம்



இந்த இதழின் பாடத்தை ஒரு கேள்வியோடு ஆரம்பிப்போம். ஒருவர் அரசாங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கு ஒரு வேலை செய்கிறார். பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்கிறார். அல்லது ஆஸ்பத்திரியில் கன்டீன் நடத்துகிறார். அல்லது பிரதேச சபைக்காக ரோட்டுப் போடுகிறார். "இது என் சொந்தத் தொழில். எனக்குப் பிடித்தவருக்குத்தான் கொடுப்பேன், பிடித்தவரைத்தான் வேலைக்கு எடுப்பேன்" என்று அவர் சொல்லலாமா?

சொல்லக் கூடாது. காரணம் லேசானது. அவர் வாங்கும் பணம் துரையின் பணமும் இல்லை, மந்திரியின் பணமும் இல்லை. அது எல்லோரும் கட்டிய வரிப்பணம். கடையில் நாம் வாங்கும் சாமானிலும், போனுக்குப் போடும் ரீலோடிலும் வரி இருக்கிறது. கொழுந்து எடுக்கிற கையும் அந்தப் பணத்தைக் கட்டியிருக்கிறது. எல்லோரிடமும் வாங்கிய பணத்தைப் பெற்றுக்கொண்டு சிலரை மட்டும் வாசலில் நிறுத்துவது நியாயமாகாது.

ஆனால் நியாயம் இருந்தால் மட்டும் போதாது. அதை யாராவது கேட்க வேண்டும். இதை நன்றாக விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில் நடந்த ஒரு சரித்திரத்தைப் பார்ப்போம். "யாழ்ப்பாணத்துக் கதை நமக்கு எதுக்கு?" என்று நினைக்க வேண்டாம். முழுவதையும் படித்தால் அது நம்ம லயத்துக் கதையாகவும் தெரியும்.

1. தரையில் இருந்த பிள்ளைகள்

பள்ளிக்கூடத்துப் பெஞ்சை யாழ்ப்பாணத்தில் வாங்கு என்பார்கள். நூறு வருஷத்துக்கு முன் அங்கே பாடசாலைகளுக்குக் குறைவில்லை. அமெரிக்க மிஷன், வெஸ்லியன் மிஷன், கத்தோலிக்க சபை எல்லாம் பாடசாலைகளை நடத்தின. ஆறுமுக நாவலர் 1848ல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையைத் தொடங்கினார். 1923ல் சைவர்களுடைய பாடசாலைகளுக்காக இந்து போர்ட் என்னும் சபை ஏற்பட்டது.

இவற்றில் பெரும்பாலானவை அரசாங்கப் பாடசாலைகள் அல்ல. ஆனாலும் அரசாங்கத்தின் பணம் அவற்றுக்குப் போனது. 1869ல் கல்விக்கென ஒரு திணைக்களம் அமைக்கப்பட்ட பிறகு, ஒழுங்காக நடக்கும் தனியார் பாடசாலைகளுக்கு அரசாங்கம் உதவிப்பணம் கொடுத்தது. இவற்றை 'உதவி பெறும் பாடசாலைகள்' என்றார்கள். சேவையைச் செய்தவர் தனியார், செலவில் பெரும்பங்கைக் கொடுத்தது அரசாங்கம். இன்றைக்குக் கொந்தராத்து எடுத்துச் செய்கிறவர்களைப் போன்ற ஏற்பாடுதான் இது.

அந்தப் பாடசாலைகள் பலவற்றில் சாதியால் ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்க்கவே மாட்டார்கள். சேர்த்த இடங்களிலும் மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, இவர்கள் தரையில் இருக்க வேண்டும். விடுதிகளில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவும் விடமாட்டார்கள். ஒரே வாத்தியார், ஒரே பாடம். உட்காரும் இடம் மட்டும் வேறு. தரையில் இருக்கும் பிள்ளை எழுத்தோடு சேர்த்து இன்னொரு பாடத்தையும் படித்துக்கொள்கிறது: 'நான் தாழ்ந்தவன்.' அந்தப் பாடத்தை அழிப்பதுதான் கஷ்டம்.

2. பணத்தோடு வந்த நிபந்தனை

1924ல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் ஒன்று தொடங்கியது. பிறகு அதுவே வாலிபர் காங்கிரஸ் ஆனது. ஹண்டி பேரின்பநாயகம் அதன் முன்னணியில் நின்றவர். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பது அந்த இளைஞர்களின் கொள்கைகளில் ஒன்று. அவர்களுடைய அழைப்பில் 1927 நவம்பரில் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். தீண்டாமையைக் கண்டித்து அங்கே பேசினார்.

'சம ஆசனம், சம போசனம்' என்பது அக்காலத்துக் கோரிக்கை. ஒரே வரிசையில் இருக்கை, ஒரே பந்தியில் சாப்பாடு என்பதே அதன் அர்த்தம். 1929-30 காலத்தில் கல்விப் பகுதியிடமிருந்து கட்டளை வந்தது. அரசாங்கத்தின் உதவிப்பணம் பெறும் பாடசாலைகள் எல்லா மாணவருக்கும் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்பதே அது.

இங்கேதான் நம்முடைய பாடத்தின் உயிர் இருக்கிறது. அரசாங்கம் அன்றைக்கு யாருடைய வீட்டுக்குள்ளும் போய், "நீ யாரோடு சாப்பிட வேண்டும்" என்று கட்டளை போடவில்லை. "பொதுப் பணம் வாங்குகிறாய் அல்லவா? அந்தப் பணம் போகும் இடத்தில் பிள்ளைகளைப் பிரிக்காதே" என்றது. பணத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்து வந்தது.

எதிர்ப்புப் பலமாகக் கிளம்பியது. கட்டளையை வாபஸ் வாங்கும்படி மனுப் போட்டார்கள். பாடசாலைக் கட்டடங்கள் சிலவற்றுக்குத் தீ வைத்தார்கள். பிள்ளைகளைத் தரையிலிருந்து வாங்குக்கு ஏற்றியதற்காக ஒரு பாடசாலையைக் கொளுத்துவதென்றால், அந்த வாங்கில் எவ்வளவு பெரிய விஷயம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

கட்டளை வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. பல இடங்களில் வருஷக் கணக்காகப் பழைய வழக்கமே நடந்தது. ஆனாலும் ஒன்று மாறியது. அதுவரை பிள்ளையைத் தரையில் இருத்தியது 'வழக்கம்'. அதற்குப் பிறகு அது 'நிபந்தனையை மீறிய குற்றம்'. கேட்கிறவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பிடி கிடைத்தது.

3. கேட்டவர்களால் வந்த மாற்றம்

1940களில் அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை உருவானது. ஒடுக்கப்பட்ட மக்களே கூடி அமைத்த சபை அது. தங்களுடைய கிராமங்களுக்குப் பாடசாலை வேண்டும் என்று அவர்கள் விடாமல் கேட்டார்கள். அச்சபையில் உழைத்த எம்.சி. சுப்பிரமணியம் 1970ல் பாராளுமன்றத்தில் நியமன அங்கத்தவரானார்.

1957ல் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அது 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். சாதியைக் காரணம் காட்டி ஒருவரைப் பாடசாலையில் சேர்க்காமல் விடுவது, தொழில் செய்ய விடாமல் தடுப்பது, கடை, சந்தை, கிணறு, சாப்பாட்டுக் கடை, சலூன், பொது வாகனம், கோயில் போன்ற இடங்களில் மறிப்பது எல்லாம் தண்டனைக்குரிய குற்றம் என்று அது சொன்னது. 1971ல் ஒரு திருத்தம் வந்து தண்டனையைக் கூட்டியது.

1960இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கமே பொறுப்பேற்றது.

இருந்தும் 1960களில் யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணிக் கடைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட மக்களை உள்ளே விடவில்லை. வெளியே நிறுத்தி, போத்தலிலோ வேறாக வைத்த பாத்திரத்திலோ தேத்தண்ணி கொடுத்தார்கள். மலையில் நம்ம ஆளுங்க கொழுந்து பறித்துக் கொடுத்த தேயிலைதான்! அதையே ஒரு மனிதருக்குக் கிளாஸில் ஊற்றிக் கொடுக்க மனசு வரவில்லை.

சட்டம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது புத்தகத்தில் தூங்கியது. 1966 அக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு ஊர்வலம் போனார்கள். 1967ல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் தோன்றியது. சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம், நெல்லியடி ஆகிய பகுதிகளில் தேத்தண்ணிக் கடைக்குள் போய் உட்காரும் போராட்டம் நடந்தது. 1968ல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலும் போராட்டம் நடந்தது. அந்த வருஷங்களில் அடிதடியும் வந்தது, உயிர்களும் போயின. கடைசியில் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

ஆகவே இரண்டும் தேவை. எழுதி வைத்த விதியும் வேண்டும், அதைக் கேட்கிற வாயும் வேண்டும். விதி இல்லாமல் கேட்டால் அது 'கெஞ்சுவது' ஆகிவிடும். கேட்காமல் விதி மட்டும் இருந்தால் அது கடதாசி.

4. மற்ற நாடுகளில்

இந்தியாவில் 1955ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்தில் இந்த எண்ணம் தெளிவாக இருக்கிறது. 1976லிருந்து அதற்குக் குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர். தீண்டாமைக் குற்றத்துக்கு ஒருவர் தண்டிக்கப்பட்டால், அந்தக் குற்றம் அவருடைய தொழிலோடு சம்பந்தப்பட்டதாக இருந்தால், தொழில் லைசென்ஸை நீதிமன்றம் ரத்துச் செய்யலாம். அரசாங்க உதவி பெறும் பாடசாலை, விடுதி, கோயில் ஆகியவற்றின் பொறுப்பாளர் தண்டிக்கப்பட்டால், அரசாங்கம் அந்த உதவியை நிறுத்தலாம், திருப்பியும் எடுக்கலாம்.

அமெரிக்காவில் 1941ல் யுத்தத் தளபாடம் செய்யும் கம்பனிகள் கறுப்பின மக்களை வேலைக்கு எடுக்கத் தயங்கின. ஏ. பிலிப் ராண்டொல்ஃப் என்ற தொழிற்சங்கத் தலைவர், ஆயிரக் கணக்கானவரோடு தலைநகருக்கு வருவேன் என்றார். அதன்பின் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பாதுகாப்புத் தொழில்களில் இன பேதம் காட்டக் கூடாது என்று கட்டளை போட்டார். 1965ல் ஜனாதிபதி ஜோன்சன் அரசாங்கக் கொந்தராத்துக்காரருக்கு இதைவிட விரிவான கட்டளை ஒன்றைப் பிறப்பித்தார். அறுபது வருஷம் இருந்த அந்தக் கட்டளையை 2025 ஜனவரியில் ஜனாதிபதி ட்ரம்ப் ரத்துச் செய்தார். கிடைத்த உரிமை தானாக நிலைக்காது, அதைக் காவல் காக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

பிரிட்டனில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம், பொது அலுவலகங்கள் எந்த வேலையைச் செய்யும்போதும் சமத்துவத்தைக் கவனத்தில் எடுக்க வேண்டும் என்கிறது. அரசாங்கத்துக்காகப் பொதுப் பணியைச் செய்கிற தனியாரையும், அந்தப் பணியைச் செய்யும் அளவுக்கு, அது கட்டுப்படுத்துகிறது.

5. இலங்கையில் நமக்குள்ள பிடி

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று அது சொல்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கொள்கை, பிறந்த இடம் என்று எதைக் காட்டியும் பிரஜைக்குப் பாரபட்சம் செய்யக் கூடாது. கடை, ஹோட்டல், பொதுச் சாப்பாட்டுக் கடை, தன் மதத்துக் கோயில் ஆகிய இடங்களுக்குப் போக இனம், மதம், மொழி, சாதி, பால் தடையாக இருக்கக் கூடாது என்றும் அதே உறுப்புரை சொல்கிறது.

1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் ஊனத்தைக் காரணம் காட்டி வேலை கொடுப்பதிலோ பாடசாலையில் சேர்ப்பதிலோ பாரபட்சம் கூடாது என்கிறது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் 1984ல்தான் கிடைத்தது. அதுவும் அந்த வருஷத்து வேலைநிறுத்தத்தின் பயனாக வந்தது. கேட்டதால் வந்தது என்பதற்கு நம்ம வீட்டிலேயே சாட்சி இருக்கிறது.

அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அந்த வழி அரசாங்க அதிகாரத்தின் செயலுக்கு எதிராகத்தான். ஆகவே கொந்தராத்துக்காரர் பாரபட்சம் காட்டினால், அவரை அமர்த்திய அலுவலகத்துக்குத்தான் முதலில் எழுத வேண்டும். "உங்கள் பணத்தில் இது நடக்கிறது" என்று எழுத்தில் தெரிந்த பிறகும் அந்த அலுவலகம் சும்மா இருந்தால், அந்தச் சும்மா இருத்தலைப் பற்றியே முறையிடலாம்.

6. எப்படிக் கேட்பது?

முதலாவது: நடந்ததை அன்றைக்கே எழுதி வையுங்கள். திகதி, நேரம், இடம், யார் என்ன சொன்னார், யார் பார்த்தார். எழுதத் தெரியாதவர்கள் படிக்கிற பிள்ளையிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாவது: பணம் யாருடையது என்று விசாரியுங்கள். பிரதேச சபையா, கல்வி வலயமா, ஆஸ்பத்திரியா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரஜையும் இதைக் கேட்கலாம். அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்து பொதுச் சேவை நடத்துகிற தனியாரும், அந்தச் சேவையைப் பொறுத்தவரை, இந்தச் சட்டத்துக்குள் வருகிறார். ஒப்பந்தத்தில் என்ன நிபந்தனை எழுதியிருக்கிறது என்று அலுவலகத்தின் தகவல் அதிகாரியிடம் கேளுங்கள். தகவலைக் கொடுப்பதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது: அலுவலகத் தலைவருக்குக் கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியையும் துண்டையும் பத்திரமாக வையுங்கள். தனியாக எழுதப் பயமாக இருந்தால் மாதர் சங்கத்தின் பெயரிலோ தோட்டக் கமிட்டியின் பெயரிலோ எழுதுங்கள்.

நாலாவது: மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். கண்டி, பதுளை, யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் அதற்குப் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். ஆதலால் "அடுத்த சம்பளத்துக்குப் பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

ஐந்தாவது: சாதியைச் சொல்லித் தடுத்திருந்தால், 1957ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டுப் பொலிசில் முறைப்பாடு எழுதலாம். அந்தச் சட்டம் அரசாங்கப் பணம் வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் பொருந்தும்.

7. கொடுக்கிற கை நம்முடையதாக இருந்தால்?

இதுவரை மற்றவர் நமக்குச் செய்ய வேண்டியதைப் பேசினோம். இனி நம்ம பக்கத்தையும் பார்ப்போம்.

பாடசாலைச் சாப்பாட்டைச் சமைத்துக் கொடுக்கும் வேலையைப் பல இடங்களில் பிள்ளைகளின் தாய்மாரே எடுத்துச் செய்கிறார்கள். மாதர் சங்கங்களும் சின்னச் சின்னக் கொந்தராத்து எடுக்கின்றன. சிரமதானக் குழு பிரதேச சபைக்குக் கான் வெட்டிக் கொடுக்கிறது. அந்த நாளில் நாமும் பொதுப் பணம் வாங்குகிறவர்கள்தான். யாழ்ப்பாணத்துப் பாடசாலைக்கு வந்த நிபந்தனை நமக்கும் சேரும்.

"நம்ம தோட்டத்துல அதெல்லாம் இல்லீங்க" என்று சொல்வது லேசு. கல்யாணத்திலும் கருமாதியிலும் யார் யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்த்தால் உண்மை தெரியும். மேல் லயம், கீழ் லயம் என்ற பேச்சு இன்னும் நிற்கவில்லை. ஆகவே சமைக்கிற தாயும், கணக்கு எழுதும் தலைவரும் தங்களையே நாலு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சட்டியிலிருந்து, ஒரே மாதிரிப் பீங்கானில் போடுகிறோமா? வரிசையில் முன்னால் நிற்பவர்கள் எப்போதும் ஒரே வீட்டுப் பிள்ளைகளா? சமைக்க ஆள் எடுக்கும்போது, "அந்த வீட்டு ஆள் சமைச்சா எங்க பிள்ளை சாப்பிடாது" என்று யாராவது சொன்னால் அதற்குத் தலை ஆட்டுகிறோமா? சைவம் மட்டும் சாப்பிடும் பிள்ளைக்கும், மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ விலக்கிய பிள்ளைக்கும், நடக்க முடியாத பிள்ளைக்கும் ஒரு வழி செய்திருக்கிறோமா?

கடைசிக் கேள்வியைக் கவனியுங்கள். சமமாக நடத்துவது என்றால் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றையே கொடுப்பது அல்ல. நடக்க முடியாத பிள்ளைக்குச் சாப்பாட்டை இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுப்பதும் சமத்துவந்தான். யாரும் வெறும் வயிற்றோடு, குனிந்த தலையோடு திரும்பிப் போகக் கூடாது. அதுதான் அளவுகோல்.

"அப்படிச் செஞ்சா கொஞ்சப் பேர் கோவிச்சுக்குவாங்களே?" என்று ஒரு தாய் கேட்கலாம். கோபிக்கத்தான் செய்வார்கள். யாழ்ப்பாணத்திலும் கோபித்தார்கள், பாடசாலைக்கே தீ வைத்தார்கள். இன்றைக்கு அந்தக் குடாநாட்டில் எந்தப் பாடசாலையிலும் பிள்ளையைச் சாதி பார்த்துத் தரையில் இருத்தச் சொல்லி யாரும் பகிரங்கமாக மனுப் போட முடியாது. கோபம் ஆறிவிடும். தரையில் இருந்து படித்த பிள்ளையின் மனக்காயம் லேசில் ஆறாது.

கூடிப் பேசுவதற்கு

மாதர் சங்கக் கூட்டத்திலோ வாசகர் வட்டத்திலோ கீழ்வரும் கேள்விகளை எடுத்துப் பேசுங்கள்.

(அ) நம் தோட்டத்திலும் பக்கத்து ஊரிலும் பொதுப் பணத்தில் நடக்கும் சேவைகள் எவை? ஒவ்வொன்றையும் யார் நடத்துகிறார்?

(ஆ) அவற்றில் யாராவது காத்திருக்க வைக்கப்படுகிறார்களா, திருப்பி அனுப்பப்படுகிறார்களா? மொழியாலா, சாதியாலா, பெண் என்பதாலா, ஊனத்தாலா?

(இ) நம் சங்கம் அடுத்த கொந்தராத்தை எடுக்கும்போது, "யாரையும் பிரிக்க மாட்டோம்" என்ற வாசகத்தை நாமே நம் சங்கக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்து வைக்கலாமா?

மூன்றாவது கேள்விக்கு "வைக்கலாம்" என்று பதில் வந்தால், அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே எழுதிக் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.